முதல் ஓலை

காஞ்சிபுரம், 1920

பிரியமுள்ள மகனே,

பஸராவுக்குப் போட்ட நாலு கடிதமும் திரும்பி வந்துவிட்டன. என் கையெழுத்தின் லட்சணம் அப்படி. இதைக் கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன்.

நீ யுத்தத்துக்குப் போகுமுன் உனக்கு நிச்சயம் செய்த சலோமி, ஐந்து வருஷம் காத்திருந்தாள். அவளைக் குறை சொல்லாதே. இன்று ஆராதனையில் அவளுக்கும் ஒரு வேலூர் வாத்தியாருக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் அறிவிக்க வேண்டியதில் இது முதலாவது.

"தடை சொல்வார் உண்டா?" என்று போதகர் கேட்டதும், தறிக்குழியிலிருந்து எழுகிறவன்போல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கர்த்தர் வாக்குத் தவறமாட்டார், என் பிள்ளை வருவான் என்று சொல்லத்தான். சபையே திரும்பிப் பார்த்தது. சலோமி மட்டும் தலைகுனிந்திருந்தாள்.

"இன்னாப்பா, சொல்லு" என்றார் போதகர்.

"ஒண்ணுமில்லீங்க. கால் மரத்துக்கினு வந்துது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உன் அம்மா அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை. எழுந்ததற்கா, உட்கார்ந்ததற்கா, தெரியவில்லை.

இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை இருக்கின்றன. கர்த்தருக்கு அது தாராளம். நீ வரும் கப்பலுக்குப் போதுமா என்றுதான் யோசிக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உன் அப்பா