மூன்று விரல்

ஆஸ்பத்திரி, நான்காம் மாடி
ஜூன், வியாழக்கிழமை

அன்புள்ள தோர்கெலுக்கு,

அன்புள்ள என்று எழுதியது வழக்கத்துக்காக. இன்றைக்கு என்னிடம் அது கொஞ்சமும் இல்லை. ஆனால் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று கப்பலிலிருந்து போன் செய்தாயே, முதலில் என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுத்திருக்கும் பெண்டாட்டியிடம், "சிஆர்பி எவ்ளோ வந்திருக்கு?" என்று கேட்டாய். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். போகவில்லை, நான்தான் வைத்தேன். மறுபடி பேசினாலும் நான் கத்துவேன், நீ சமாதானம் சொல்வாய், நடுவில் நிஜமாகவே லைன் போய்விடும். அதனால் எழுதுகிறேன். உன் கூட்டாளி ஒட்வார் சனிக்கிழமை சாமான் படகில் உங்கள் கப்பலுக்கு வரும்போது இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பான். வழியில் பிரித்துப் படித்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பிப்ரவரியில் ஆரம்பித்தது உனக்கும் தெரியும். காலையில் விரல்கள் மடங்காது. ஜாம் பாட்டிலைத் திறக்க உன்னை எழுப்புவேன். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். காலுறையைக் கழற்றினால் அதன் வரி கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். லூபஸ் என்று பெயர் தெரிந்து நான்கு வருடமாகிறது. காவலுக்கு இருக்கிற ரத்தமே வீட்டுக்காரியைக் கடிக்கிற நோய் என்று அன்றைக்கு டாக்டர் விளக்கியபோது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய். அதனால் இது அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. உன்னையும் அழைத்துக்கொண்டு நம் தீவு டாக்டர் லிண்டாலிடம் போனேன்.

அவர் என்ன செய்தார்? எல்லோருக்கும் செய்வதைத்தான். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று சிஆர்பி பார்க்கும் அந்தச் சின்னப் பெட்டி. காப்பி ஆறுவதற்குள் நம்பர் வந்துவிட்டது. "மூணுதான். உடம்புல எந்த அழற்சியும் இல்ல. நல்லா நடங்க, கொஞ்சம் வெயில்ல இருங்க, மனசு தெளிஞ்சிடும்" என்றார். எனக்கு மனசில் கோளாறு என்று யார் சொன்னது? சிறுநீர் நுரைக்கிறது என்று சொன்னேன். தண்ணீர் அதிகம் குடிக்கச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கொடு, பார்க்கலாம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. மார்ச்சிலும் போனேன், ஏப்ரலிலும் போனேன். அதே குத்து, அதே பெட்டி, அதே மூன்று. என் முகத்தைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

அவரையாவது விடு, அவர் யாரோ. நீ அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு ஆடினாயே, அதை என்ன சொல்ல? சளிப் பிடித்தபோது நீயும் போய்க் குத்திக்கொண்டு வந்தாய். உனக்கு இருபத்திரண்டு. சின்னப் பையன் மீன் பிடித்து வந்த மாதிரி ஒரு பெருமை. "எனக்கே இருபத்திரெண்டு, நான் விறகு வெட்டலையா?" என்று கோடாலியைத் தூக்கிக்கொண்டு போனாய். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் போதும். களைப்பாக இருக்கிறது என்றால் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவாய். படி ஏற முடியவில்லை என்றால் மூன்று விரல். முதல் தடவை நானும் சிரித்தேன் என்பது உண்மை. அதற்குப் பிறகு ஒரு நாளும் சிரிக்கவில்லை. நீ கவனிக்கவில்லை.

மே பதினேழு தேசிய தினத்துக்கு முந்தின சனிக்கிழமை, ஊரே கூடி மண்டபத்தைச் சீர்செய்யும் வேலைக்கு வர முடியாது என்று சொன்னேன். போகாவிட்டால் தீவில் என்ன பேசுவார்கள் என்று நீ சொன்னாய். வந்தேன். குளிர்காலம் முழுக்கக் காணாத வெயில் அன்றைக்கென்று கொட்டியது. சட்டையைக் கழற்றிவிட்டு எல்லோரும் சுவரில் சாய்ந்து முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தொப்பியும் முழுக்கையுமாக ஊர்மண்டபத்துத் தெற்குச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். வெயில் எனக்கு விஷம் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் படகுக் கொட்டகை நிழலில் போய் உட்கார்ந்தேன். உன் தங்கை குன்வோர் வாஃபிள் தட்டோடு வந்து, "என்ன அண்ணி, நிழல்ல உக்காந்தா பெயிண்ட் தானா ஏறிக்குமா?" என்றாள். நீ ஏணி மேல் இருந்தாய். ஏதாவது சொல்வாய் என்று உன்னைப் பார்த்தேன். எல்லோர் தலைக்கும் மேலே நீ அந்த மூன்று விரலைத் தூக்கினாய்.

எல்லோரும் சிரித்தார்கள். அதாவது, ஊர் முழுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாய். நான் எழுந்து போய் மிச்சச் சுவரையும் அடித்தேன். பிடிவாதம்தான். வேறு என்ன மிச்சம் வைத்தாய் எனக்கு?

கை ஓய்ந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். வேகவைத்த மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு. மீன் உங்கள் வலையில் வந்ததாகக்கூட இருக்கலாம். உப்பு மட்டும் கிடையாது, சிறுநீரகத்துக்காக.

நீ கடலுக்குப் போன பிறகு முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது. லிண்டாலைக் கேட்காமல் நானே படகேறி இங்கே வந்தேன். இங்கே பார்க்கிற டாக்டர் ஹெர்டிஸ் என் கணுக்காலை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகுதான் ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்போதும் சிஆர்பி சின்ன நம்பர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, இவரும் திருப்பி அனுப்பப் போகிறார் என்று. அவர் கட்டிலில் உட்கார்ந்து, "யாரு உங்கள இப்படிப் பயமுறுத்தி வச்சிருக்கா? லூபஸ்ல இந்த நம்பர் நிறைய பேருக்கு அசையவே அசையாது. கிருமி வந்தா ஏறும். நோய் கொந்தளிக்கும்போது பேசாம இருக்கும். இத மட்டும் வச்சு ஒண்ணுமில்லன்னு சொல்லவே கூடாது" என்றார்.

ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் அந்தப் பழைய சோதனை, ஈஎஸ்ஆர், அதில் எண்பத்தெட்டு. இந்தச் சண்டையில் செலவாகிப் போகும் ஒரு புரதம் இருக்கிறதாம், அது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. சிறுநீரில் புரதம் கொட்டுகிறது. முதுகில் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பிப்ரவரியிலேயே தொடங்கியிருக்கலாம் என்கிறார் ஹெர்டிஸ். பிப்ரவரி, தோர்கெல். நீ விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது.

அந்தப் பெட்டி மேல் எனக்குக் கோபமில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. பதினோரு வருடம் கூடவே படுத்து எழுந்தவன் நீ. ஒரு சொட்டு ரத்தம் சொன்னதை நம்பினாய், நான் சொன்னதை நம்பவில்லை.

நேற்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சிஆர்பி அறுபத்திநான்கு. உன்னை ஜெயித்துவிட்டேன். ஆனால் அது நோயினால் இல்லை. மருந்து ஏற்றிய ஊசி இடத்தில் கிருமி புகுந்துவிட்டதாம், இரண்டு நாளில் இறங்கிவிடும். இப்போது காட்டு பார்ப்போம், அத்தனை விரலுக்கு எங்கே போவாய்?

மருந்து பிடித்தால் சிறுநீரகம் தப்பும் என்கிறார்கள். பிடிக்காவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நம் தீவில் அந்த வசதி இல்லை. வீட்டை விட்டுவிட்டு நான் இந்த நகரத்திலேயே கிடக்க வேண்டும். இலையுதிர்காலத்தில்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நேற்று போனை எடுத்தேன்.

இங்கே காலையில் ஒரு நர்ஸ் பெண் வந்து என் கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். என்னால் முடியவில்லை. "இன்னைக்கு வலி எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்கிறாள். வலிக்கிறது என்றால் சரி என்று மெதுவாகப் போடுகிறாள். அவ்வளவுதான். அதற்கே நான் அவளுக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொல்கிறேன் என்றால், நீ என்னை எந்த நிலையில் வைத்திருந்தாய் என்று பார்த்துக்கொள்.

கப்பல் கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாதே. குன்வோரிடமும் போகாதே. நேராக இங்கே வா. பூ வேண்டாம், சாக்லேட் வேண்டாம், நம்பர் பேச்சே வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று கேள். நான் சொல்வதை முழுக்கக் கேள், நம்பு. அது உன்னால் ஆகாது என்றால் வராதே. நானும் அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை.

வந்தால், அந்த மூன்று விரலையும் கொண்டு வா. இந்தப் பொத்தான்களைப் போட்டுவிடு. மூன்று விரல் போதும் அதற்கு.

கடல் உன்னைக் குறையில்லாமல் திருப்பி அனுப்பட்டும். காற்று அதிகமானால் தளத்தில் நிற்காதே, கயிற்றைக் கட்டிக்கொள்.

இன்னும் உன் மனைவிதான்,
ரன்வேய்