ஓர் ஆளுக்கு இடம்

டிசம்பர் 22, புதன்

பனி. ஹவுராவில் ரயில் மூன்று மணி நேரம் லேட். அப்பா குரங்குக் குல்லாவோடு இறங்கினார், ரயிலில் வாங்கினாராம். கல்கத்தா ஸ்வெட்டர் குளிருக்கே இந்தக் கோலம்.

சாமான்: மிளகாய்ப்பொடி இரண்டு கிலோ, சுண்டவற்றல், முறுக்கு டின். நாங்கள் இருக்கும் சால்ட் லேக்கில் பஞ்சம் என்று நினைப்பு.

"அம்மா குடுத்துவிட்டாளா?"

"வீட்ல கெடந்துச்சு."

பொய் சொல்லவும் துப்பில்லை.

அம்மா வரவில்லை. பெங்காலியைக் கட்டியவள் இருக்கிற ஊரில் காலே வைக்க மாட்டேன் என்று சபதம். ஐந்து வருடம். கடிதம்கூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் சு. மட்டும் மாமனாருக்கு ஊர் சுற்றிக் காட்ட லீவு போட்டிருக்கிறார். அசடு.

டிச. 23, வியாழன்

விக்டோரியா. அப்பாவிடம் இரவல் கேமரா. ஒரே ரோல், 36. அதை சு. கழுத்தில் மாட்டிவிட்டார். "நீங்க எடுங்க மாப்ளே."

ஆக, மாப்பிள்ளை ஒரு படத்திலும் இருக்க மாட்டார். வீட்டில் காட்ட வசதி. கோழைக்கு எத்தனை சாமர்த்தியம்!

படம் எடுக்கிற லட்சணம் அதைவிட மோசம். அப்பாவும் நானும் வலது ஓரத்தில் வாட்ச்மேன் மாதிரி விறைத்து நிற்கவேண்டும். இடப்பக்கம் வெறும் புல்.

"அந்தப் பக்கம் ஒரு ஆளுக்கு எடம் விடுங்க மாப்ளே."

பாதிக் கட்டடம் வெட்டுப்படுகிறது என்றேன். "நீ சும்மா நில்லுட்டி."

மதியம் மிருகக்காட்சிசாலை. அங்கேயும் அதே கூத்து. புலிக்கு வால் மட்டும்தான் விழுந்திருக்கும். ஜால்முரிப் பொரியில் காரமே இல்லை என்று திட்டிக்கொண்டே இரண்டு பொட்டலம் தின்றார்.

டிச. 24, வெள்ளி

வெயில். பாபுகாட் படித்துறையிலிருந்து படகு. கூட்டம் நெரிகிற படகிலும் ஓர் ஆளுக்கு இடம்! பக்கத்திலிருந்த பெங்காலி அம்மாளே பொறுக்காமல், "தாதா, மாஜ்கானே தாடான்!" நடுவில் நிற்கச் சொல்கிறாள். இவர் கையை ஆட்டி மறுக்கிறார். மானம் போனது.

"யாருக்குப்பா அந்த எடம்? பேய்க்கா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு கவர் எடுத்தார். உள்ளே அம்மா. பச்சைப் பட்டு, முழு உருவம், பின்னால் வெள்ளைத் துணி. ஊர் ஸ்டூடியோவில் எடுத்தது.

"இத வெட்டி நாம எடுக்குற படத்துல ஒட்டித் தாரேன்னிருக்கான் ஸ்டூடியோக்காரன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதாம்ட்டி ஓசனை சொன்னா. படத்துல நின்னா கால் படாதுல்லா."

சிரித்துவிட்டேன். பிறகு பற்றிக்கொண்டு வந்தது. சபதமும் கெடக்கூடாது, மகளும் பக்கத்தில் வேண்டும். ஒரு போன் பண்ணினால் குறைந்தா போவாள்?

படத்தில் ரொம்ப இளைத்திருக்கிறாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

அப்பாவிடம் தெளிவாகச் சொன்னேன்: சு. இல்லாத படத்தில் எனக்கு அம்மாவும் வேண்டாம்.  ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டிச. 25, சனி

ஊரெல்லாம் கூட்டம். வெளியே போகவில்லை. அப்பா என்னோடு பேசவில்லை. வெல்ல சந்தேஷ் இனிப்பு ஐந்து உள்ளே போயிற்று, அதற்கு மட்டும் வாய் திறந்தது.

சு.விடம் கவர் விஷயத்தைச் சொன்னேன். "அப்படின்னா அம்மாவுக்கு வர ஆசை!" என்று குதிக்கிறார். அசடு என்று சும்மாவா எழுதினேன்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

டிச. 26, ஞாயிறு

மறுபடி ஹவுரா. மறுபடி குல்லா. ரோலில் ஒரு படம் பாக்கி.

அப்பா பெட்டியைக் கீழே வைத்து, சு. கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க."

நின்றோம். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தார், விலக்கினார், மறுபடி வைத்தார். அமுக்கவில்லை. போர்ட்டர்கள் திட்டிக்கொண்டு போனார்கள். தைரியம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாப்ளே, ஒரு எட்டு தள்ளி நில்லுங்க."

சுருக்கென்றது. கடைசிப் படத்திலுமா? சு. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எதுக்குப்பா அவர் தள்ளணும்?"

கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"நடுவுல அவளுக்கு எடம் வேணும்லா."

சு. ஓர் எட்டுத் தள்ளினார். அவ்வளவு வேண்டாம் என்று இழுத்துக்கொண்டேன். அரை எட்டுப் போதும். அவள் இளைத்திருக்கிறாள்.