குளிர் போனதும் மாட்ட வேண்டியது

முகுந்த்,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. ஹாட் பாக்ஸில் இட்லி இருக்கிறது. போகும்போது சாவியை எதிர்வீட்டு மாமி ஜோஷி காக்குவிடம் கொடுத்துவிடு.

மலிவாகக் கிடைத்ததென்று, நம் படம் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு, சூடாகாத, வேகமான ப்ராசஸரும் வாங்கி வந்தாய். அந்த ப்ராசஸருக்காக நேற்று கத்திவிட்டேன். இந்தப் புனே குளிரில், அந்தப் பெட்டி மேல் வைத்தால்தானே என் இட்லி மாவு புளிக்கிறது! காலையில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் புதிது. ப்ராசஸர் கவரிலேயே இருக்கிறது. கவர் மேல் உன் கையெழுத்து: "குளிர் போனதும் மாட்டணும்."

தாங்க்ஸ்டா. அதுவரை படம் திக்கித் திக்கி ஓடட்டும், நான் வாயே திறக்க மாட்டேன்.

மங்கை

பி.கு: மாவு நன்றாகவே பொங்கிப் பெட்டி மேல் வழிந்திருந்தது. துடைத்துவிட்டேன். உள்ளே போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.