மகளின் அட்டையில் இடமில்லாத அய்யாவுக்கு

இப்போதாவது மூச்சு முட்டாமல் தூங்குகிற என் அய்யாவுக்கு,

நீங்கள் போய், இதோ ஐப்பசியும் வந்துவிட்டது. நாரணாபுரத்தில் தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஆயுசு முழுக்க வெடிமருந்து கலந்த கம்பெனியில் உங்களை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. நானும் விசாரிக்க எழுதவில்லை. கரித்துக்கொட்டத்தான் எழுதுகிறேன்.

தொழிலாளிக்கு சர்க்கார் காப்பீடு வந்த நேரத்தில், வயதாகிவிட்டது என்று உங்களைக் கம்பெனி நிறுத்தியாயிற்று. வேலையில் இருக்கிறவனுக்குத்தான் வைத்தியமாம். அந்த வேலையால் நெஞ்சு கெட்டு வீட்டில் கிடக்கிறவனுக்கு இல்லையாம். இதை எழுதினவர்கள் வீட்டில் கிழவன் கிழவியே கிடையாதா அய்யா?

அண்ணன் வேலை பார்க்கிற தீப்பெட்டிக் கொட்டகைக்குக் காப்பீடு இல்லை. விருதுநகர் பஞ்சாலையில் இருப்பதால் எனக்கு மட்டும் அட்டை இருந்தது. குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்று ஆலையில் சொன்ன அன்றே உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"மக சம்பாத்தியத்துல மருந்து குடிக்கவா? ஆம்பளப் பிள்ளயப் பெத்துருக்கேன் தாயி."

என் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டில் கை நனைக்காதவர் நீங்கள். பேரன் பிறந்தும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனீர்கள். அழுதேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்த பிறகுதான் இறங்கி வந்தீர்கள்.

"சரி தாயி, ஓம் பேர்லயே காட்டு."

தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னீர்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

காப்பீட்டு ஆஸ்பத்திரியில் குமாஸ்தா என் அட்டையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார்.

"இவரு யாரும்மா?"

"எங்க அய்யா."

"பொம்பளத் தொழிலாளியோட தாய் தகப்பன் குடும்பத்துல சேராதும்மா. மகன் அட்ட வச்சிருந்தா அவரோட கூட்டிட்டு வாங்க."

"ஏஞ் சம்பளத்துலயும்தான சார் பிடிக்கீக?"

"சட்டம் அப்படி. நான் என்ன செய்ய?"

நான் கத்த ஆரம்பித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "விடு தாயி. நாஞ் சொன்னதத்தான சட்டமும் சொல்லுது?" என்றீர்கள். உங்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது அய்யா! சாகக் கிடந்த மனிதருக்கு அதில் என்ன நிம்மதி? குமாஸ்தா மேல் வந்த கோபம் உங்கள் மேல் வந்ததில் பாதிகூட இருக்காது. "இவளும் நாம் பெத்த பிள்ளதான்" என்று அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

அந்தக் கோடையை நீங்கள் தாண்டவில்லை.

ஆத்தா இப்போது என்னோடு இருக்கிறாள். என் கையால் சாப்பிடுகிறாள், ஒரு கௌரவமும் குறைந்துவிடவில்லை. ராத்திரியெல்லாம் இருமுகிறாள். அவளுக்கும் என் அட்டையில் இடமில்லை.

ஆலையில் சங்கக் கூட்டம் வருகிறது. பெண்கள் யாரும் அங்கே வாய் திறந்ததில்லை. நான் திறக்கப்போகிறேன். பெண்ணைப் பெற்றவர்களும் பெற்றவர்கள்தான் என்று சட்டத்தில் எழுதுகிறவரைக்கும் உட்காரமாட்டேன். அதற்குள் ஆத்தாவும் போய்விடலாம். இன்னொருத்தியின் அய்யாவாவது மகளோடு போய் மருந்து வாங்கி வரட்டும்.

சட்டமும் நீங்களும் பிள்ளைக் கணக்கில் சேர்க்காத,
உங்கள் மகள்
குருவம்மாள்