குகைக்குள் இருக்கும் சாருக்கு

சின்னக்கானல் எஸ்டேட்
18 ஜூன் 1978

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

இங்கே நானும் அத்தையும் மழையும் சௌக்கியம். மூவரில் மழைக்குத்தான் உடம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேறியிருக்கிறது. அத்தைக்கு முட்டுவலி குறைந்துவிட்டது. மருமகளைக் குறை சொல்லும் தெம்பு திரும்பிவிட்டதால் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பெரிய கவர் போன புதன்கிழமை வந்தது. கம்ப்யூட்டர் அச்சடித்த தாள் ஆறு கஜம் நீளம்! நல்ல சேலை நீளம். பள்ளிக்கூட வராந்தாவில் விரித்தால் ஒன்றாம் வகுப்பு வாசலில் தொடங்கி இரண்டாம் வகுப்பு வாசலைத் தாண்டுகிறது. காலேஜ் கம்ப்யூட்டரில் நீங்கள் இரண்டு வார்த்தை தட்டினால் அந்தக் குகை விளையாட்டு நாலு வரி பதில் சொல்லும் என்று முன்பு எழுதியபோது நான் நம்பவில்லை. இப்போது கொழுந்தெடுக்கிற பெண்கள் முப்பது பேர் நம்புகிறார்கள். மத்தியானம் மழைக்கு ஒதுங்கி வராந்தாவில் சாப்பிட உட்கார்ந்தால், பழைய தாள்களையும் எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார்கள். இரும்புக் கதவு வரும் இடத்தில், இந்தத் தடவையாவது திறக்காதா என்று சோற்றுக் கை அப்படியே நிற்கும். நானும் அவர்களோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், எனக்கு வெட்கமில்லை.

அவர்களில் ராமுத்தாய்க்குத்தான் பெரிய கவலை. இது விளையாட்டு என்று எத்தனை முறை சொன்னாலும், மேல்படிப்புக்காகச் சீமைக்குப் போன உங்களை நிஜமாகவே ஒரு குகைக்குள் இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறாள். “ஒங்க வீட்டு சாரு உள்ள எறங்கி எத்தன மாசம் ஆச்சு, சோறு தண்ணிக்கு என்ன செய்யுதாவ?” என்று கேட்டாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு அறையும் ஒன்றுபோல் இருக்கிறது, எப்படிப் போனாலும் வந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன் என்று பிப்ரவரியிலிருந்து புலம்பினீர்களே, அதற்கு வழி சொன்னதும் அவள்தான். “பனிமஞ்சு மூடினா எங்களுக்கும் எல்லாச் செடியும் ஒண்ணுதான் டீச்சர். எடுத்து முடிச்ச வரிசையில ஒரு கிழிசல் துணியக் கட்டிட்டுப் போவோம், திரும்ப அங்கன வந்தா தெரிஞ்சிரும்லா. சாரு கையில உள்ள சாமான அறைக்கு ஒண்ணாப் போட்டுட்டுப் போவட்டும்” என்றாள். ஏப்ரலில் அதை எழுதினேன். இந்தத் தாளில் நீங்கள் அப்படியே செய்திருக்கிறீர்கள். சாவியை ஓர் அறையில், குப்பியை ஓர் அறையில், கயிற்றை ஓர் அறையில் போட்டுப் போட்டு, கடைசியில் வெளிச்சம் தெரிகிறது என்று அச்சாகியிருந்ததை நான் வாசித்ததும் வராந்தாவில் எழுந்த சத்தத்தில், யானை வந்துவிட்டதென்று கங்காணி ஓடி வந்தார். ராமுத்தாய் மறையூர் வெல்லம் போட்டு எல்லோருக்கும் பாலில்லாக் கட்டங்காப்பி வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த நாளும் வாசிக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த நாளும். மடிப்பில் தாள் கிழிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் சோற்றுப் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். தலைப்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, இத்தனை நாள் கவனிக்கவில்லை. ஆட்டம் தொடங்கிய நேரம்: மே 16, காலை 9.40. கடைசி வரிக்குக் கீழே மத்தியானம் 1.15.

மே 16 காலை ஒன்பது மணிக்குக் கடைசிப் பரீட்சை, ஜெபம் பண்ணு என்று எழுதியிருந்தீர்கள். அத்தை அந்த முட்டியோடு, மேட்டில் சிலுவை நிற்கும் குருசடிக்கு ஏறி, ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தார்கள். பிறகு பரீட்சை நல்லபடி முடிந்தது என்று நீங்கள் எழுதிய கடிதமும் பெட்டியில் இருக்கிறது. அதையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது அத்தான், அழுகையும் வந்தது. அடுத்த தாள் எங்கே, அடுத்த தாள் எங்கே என்று கடிதத்துக்குக் கடிதம் நச்சரித்தவள் நான்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஸ்காலர்ஷிப்புக்காக பிஷப் வீட்டுக்கு நடையாய் நடந்த பங்குச் சாமியார், ரிசல்ட் வந்ததா என்று ஞாயிறுதோறும் கேட்கிறார். இன்று காலையில் தபால் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கோயில் வாசலில் நின்று சொன்ன பொய். இன்னொன்று என்னால் சொல்ல முடியாது. பரீட்சையை மறுபடி எழுத வழியிருந்தால் உங்கள் புரொபசர் காலில் விழுந்தாவது எழுதுங்கள். வழியில்லை என்றால் டிக்கெட் எடுத்து வந்துவிடுங்கள். இங்கே ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் இல்லாமல் பிள்ளைகள் குதியாட்டம் போடுகிறார்கள். நமக்குக் கஞ்சிக்குக் குறைவிருக்காது. ஆட்கள் நாலு நாள் பேசுவார்கள், ஐந்தாம் நாள் அவர்களுக்கும் வேலை இருக்கும்.

அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாளின் தலையைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பெண்கள் நாளைக்கும் வாசிக்கச் சொல்வார்கள், வாசிப்பேன்.

பதிலில் குகையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அன்றைக்குப் பரீட்சை ஹால் வாசல்வரை போய்த் திரும்பினீர்களா, இல்லை அந்தப் பக்கமே போகவில்லையா, உங்களுக்கு என்ன பயம், அதை மட்டும் எழுதுங்கள். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிற அந்தோணியார் உங்கள் கூடவே இருக்கட்டும். எனக்குப் பாஸானவர் வேண்டாம், நீங்கள் வேண்டும்.

என்றும் உங்கள்
ரோசி