அப்பாவின் ஷெட் மண்

18 ஜனவரி 1994
திருவான்மியூர் வீட்டுக் கொல்லையில் மண் எடுத்தேன். அப்பாவின் கார் ரிப்பேர் ஷெட் இருந்த இடம். இருபத்தெட்டு வருஷம் வடிந்த எஞ்சின் ஆயில். கையில் எடுத்தால் மை மாதிரி ஒட்டுகிறது. கிணற்றிலும் படலம். பொங்கலுக்கு வந்த அண்ணா அனந்தராமன் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்: தீபாவளிக்குள் தண்ணீர் தெளியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போய்விடுவானாம். அம்மா கொதித்த ரசத்தை இறக்க மறந்து நின்றாள்.

அடையாறு லேபில் பன்னிரண்டு வருஷமாக எண்ணெய் தின்னும் பாக்டீரியாவோடு குடித்தனம் நடத்துகிறேன். சொந்த வீட்டுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது?

பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அந்த மண்ணை அடைத்து அலமாரியில் வைத்தேன். "திறக்காதேம்மா. காத்து பட்டா உள்ளே இருக்கறதுகள் எண்ணெயைத் தின்னுடும்."

2 பிப்ரவரி
லேபில் வளர்த்ததை நாலு குடுவை கொண்டுபோய் ஊற்றினேன். எனக்கே பெருமை.

27 பிப்ரவரி
பெருமை போயிற்று. ஊற்றியவற்றில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. மண்ணில் ஏற்கெனவே இருந்தவைதான், அதுவும் கொஞ்சம்.

அப்பாவிடம் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்த நூர் முஹம்மது பாய் மண்வெட்டியோடு வந்திருந்தார். கேட்டதும் சிரித்தார். "இன்னா பாப்பா, வெளியாளை இட்டாந்து உட்டா தங்குவானா? இங்கயே ஆயில்ல ஊறிக்கினு கெடக்கறவன்தான் துன்னுவான். அவனுக்கு இன்னா ஓணும்னு பாரு."

காற்றும் உரமும் வேண்டும். படித்த எனக்கு இது ஏன் முதலில் தோன்றவில்லை?

15 ஏப்ரல்
யூரியா, சாணம், உமி. வாரம் இரண்டு தரம் பாய் கொத்திப் புரட்டுகிறார். பாக்டீரியா எண்ணிக்கை நூறு மடங்கு!

கொத்தும்போதெல்லாம் அந்தப் பழைய ஆயில் வாசனை எழும்புகிறது. அப்பா சாப்பிட வருமுன் அதுதான் உள்ளே வரும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத கையால் எனக்குப் பின்னல் போட்டுவிடுவார். கிளாஸில் என் தலை கிரீஸ் நாறுகிறது என்று ஒருத்தரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அதற்காக அவரோடு எத்தனை சண்டை! இப்போது குனிந்து மோந்துகொண்டு நிற்கிறேன். அழுகையாக வந்தது.

23 ஜூன்
அப்பாவின் ஸ்ராத்தம். விடியற்காலையில் அம்மா கொல்லை முழுக்க இரண்டு பாட்டில் பினாயில் ஊற்றிவிட்டாள்.

"போன வருஷம் வாத்தியார் மூக்கைப் பொத்திண்டார். காக்காய்க்குப் பிண்டம் வெக்கற இடம், சுத்தமா இருக்க வேண்டாமாடி?"

பினாயில்! ஐந்து மாச வேலை — அண்ணா எதிரில், பிராமணர்கள் எதிரில், கத்தினேன். திவசத்தன்று. நான் ஏன் இப்படி?

30 ஜூன்
கொல்லை மண்ணைத் தூவிய லேப் தட்டில் ஒரு பாக்டீரியாகூட முளைக்கவில்லை.

21 ஜூலை
வந்துவிட்டன! ஆழத்தில் பிழைத்தவை மேலே ஏறி, பினாயிலையும் சேர்த்துத் தின்றிருக்கின்றன போலிருக்கிறது.

"மொதலாளி வளத்ததுங்க பாப்பா, லேசுல சாவாது" என்றார் பாய்.

திவசத்தன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத அம்மா, காபியை நீட்டிக்கொண்டே, "உன் குழந்தைகள் சௌக்கியமா?" என்றாள்.

9 அக்டோபர்
கிணற்றில் படலம் இல்லை. பரிசோதனையிலும் எண்ணெய் இல்லை. போனில் அண்ணா, "சரி, அம்மா அங்கேயே இருக்கட்டும்" என்றான்.

எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது. தின்ன எண்ணெய் இல்லை, செத்துப் போகின்றன. அப்படித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் நோட்டில் எழுதக் கை வரவில்லை.

17 அக்டோபர்
முதல் மழை. அம்மா கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "என்னடி இது, மண் வாசனை! நம்மாத்துலயா?"

அதுவும் மண்ணில் இருக்கும் வேறொரு பாக்டீரியா செய்வதுதான் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. "அப்போ அவர் வாசனை போயிடுத்தா?" என்றாள்.

அவள் ஒரு தரம்கூட இதைச் சொன்னதில்லையே. எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

6 நவம்பர்
ஒப்பிட வேண்டி ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடினேன். அம்மாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருந்தது. மூடியைச் சுற்றி, காற்றுப் போகாமல், மெழுகு உருக்கி ஊற்றியிருக்கிறாள்.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.