வேர்க்காத கை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தோல் ஓ.பி.யில் ஒரே ஃபேன், அதுவும் என் பக்கம் திரும்பாது. சிவகாசிக்கு மாற்றலாகி மூன்று மாதம். கோயம்புத்தூர்க்காரிக்கு இன்னும் பழகவில்லை.

படர்தாமரை, படர்தாமரை, சொறி, படர்தாமரை. பதினோரு மணிக்கு நாரணாபுரத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும். அம்மா மாரிக்கனி, நாற்பது இருக்கும், பட்டாசுக் கம்பெனி வேலை. மகள் கவிதா, பதினெட்டு முடிந்து மூன்று வாரம், இன்னும் எங்கும் வேலைக்குப் போகவில்லை.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை டாக்டரம்மா. இவளுக்கு மருந்து ஆகாதுன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க."

"எந்த மருந்து?"

"எல்லா மருந்தும்தான்."

எரிச்சல். காய்ச்சல் மாத்திரை, ஊசி, இருமல் டானிக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதற்கும் ஒன்றும் ஆனதில்லை. "அது இல்ல டாக்டரம்மா..." என்று இழுத்தாள். வரிசை கேட் வரை நிற்கிறது, பேச்சை வெட்டிவிட்டேன். "தமிழ்லயே எழுதுங்க மேடம்" என்றாள் மகள். கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை.' கையெழுத்து, சீல்.

சீட்டை வாங்க அந்தப் பெண் கை நீட்டியபோதுதான் கவனித்தேன். விரல் நுனியில் ரேகை இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பத்து விரலிலும் இல்லை. பீங்கான் தட்டு மாதிரி வழவழப்பு. அம்மாவின் கையை இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அம்மாவுக்கு ரசாயனம் அரித்தது எனலாம். கம்பெனி வாசலையே மிதிக்காத மகளுக்கு?

"ரேசன் கடை மிஷின்ல வெரல வச்சா ஆளே இல்லைன்னு காட்டுது" என்றாள் மாரிக்கனி. நானும் சிஸ்டர் ஜெயாவும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

நாளை வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்கூட்டர் பஞ்சர். நடை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இருவரும் வந்தார்கள். அயோடின் சோதனை. உள்ளங்கையில் அயோடின் தடவி, காய்ந்ததும் ஸ்டார்ச் மாவு தூவினால், வேர்த்த இடமெல்லாம் கறுக்கும். ஒப்பிட என் கையும். கதவு, ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தி இருபது நிமிஷம். என் கை இரண்டே நிமிஷத்தில் கரிச்சட்டி. அவர்கள் நெற்றியில் வேர்வை ஓடுகிறது, கழுத்தில் ஓடுகிறது. கை மட்டும் கடைசி வரை மஞ்சள்.

கவிதாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் புழுக்கத்திலும் சில்லென்று, உலர்ந்து, பிடித்திருக்கிறேனா என்றே தெரியாமல். சட்டென்று விட்டுவிட்டேன். தோல் டாக்டர் தோலைத் தொட்டுப் பயப்படுவதா? பயந்தேன். அதுதான் உண்மை.

மாலை முழுக்கப் படிப்பு. பிறவியிலேயே ரேகையில்லாத குடும்பங்கள், உலகத்திலேயே விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று என் மேசைக்கு! நான் படித்த கல்லூரியின் ஹெச்.ஓ.டி.க்கு போன். "முதல்ல வம்சாவளி போடும்மா, கட்டுரைத் தலைப்பை நான் பாத்துக்கறேன்." பாத்துக்குவார், அவர் பேரை முதலில் போட்டு.

செய்ய வேண்டியவை: ஒப்புதல் படிவம். போட்டோ (கை மட்டும்). ரத்த சாம்பிள். வீட்டுக்குப் போய் வம்சாவளி. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள், மறக்காதே.

ஆகஸ்ட் 7, வியாழன்

அரை நாள் லீவு. நாரணாபுரம். ஒற்றை அறை வீடு, துப்புரவு. "வாங்க டாக்டரம்மா, சாப்பிட்டீகளா?" கவிதா எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டு வந்தாள். குடித்துக் கீழே வைத்தேன். டம்ளரில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அவள் பிடித்துக் கொண்டுவந்த தடம்? இல்லை.

அதற்கப்புறம் கண் வேறெங்கும் போகவில்லை. கண்ணாடி, செல்போன் திரை, பித்தளைக் குடம். எதிலும் ஒரு கறை இல்லை. இரண்டு பேர் புழங்குகிற வீட்டில் யாருமே எதையும் தொடாத மாதிரி.

வம்சாவளி. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். ரேகையில்லாதவர்களுக்கு உள்ளே கறுப்பு. இறந்தவர்களுக்குக் குறுக்கே கோடு. மாரிக்கனி சொல்லச் சொல்லப் போட்டேன். அவளுடைய அப்பா, அத்தைகள் இருவர், அக்கா, தம்பி. பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி மூன்று தலைமுறை. சந்தோஷத்தில் எனக்குப் பேனா நிற்கவில்லை.

முடித்துவிட்டுத் தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தேன். கறுப்படித்த எல்லாவற்றிலும் கோடு. மீதி இரண்டு வட்டம்தான், எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரேகை உள்ள சொந்தக்காரர்கள் எல்லாரும் உயிரோடு.

இந்தக் குறை யாரையும் கொல்லாது. ஒரு புத்தகத்திலும் அப்படி இல்லை.

"இவங்க எல்லாம் எதுல இறந்தாங்க?"

"மருந்துலதான்" என்றாள், காபி டம்ளரை எடுத்துக்கொண்டே. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள், பேச்சு மாறிவிட்டது.

பஸ்ஸில் குறித்தது: 'மருந்தால் மரணம்? ரேகையின்மையோடு மருந்து ஒவ்வாமையும்? இதுவரை யாரும் சொல்லாதது!'

ஆகஸ்ட் 8, வெள்ளி

சிஸ்டர் ஜெயா சிவகாசிக்காரர். என் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"மேடம், இங்கன மருந்துன்னா மாத்திரை இல்ல. பட்டாசுக்குள்ள செலுத்துவாகல்ல, அது."

மீதியையும் அவரே சொன்னார். மருந்து கலந்து செலுத்துகிற மருந்து ரூமுக்கு நாலு பக்கமும் கதவு, ஓடுவதற்கு. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் சூடேறிவிடும். அதனால் வேர்க்காத கைக்குக் கிராக்கி. கையைத் தொட்டுப் பார்த்தே ஆள் எடுக்கிற போர்மேன்கள் உண்டாம்.

"அந்தக் கை கெடைச்சா விடமாட்டாக மேடம். ஆனா தீப்பிடிக்கதுக்கு ஈரம் மட்டுமா காரணம்? ஒரு உரசல் போதும்."

என் சீட்டு. 'மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை.' என் கையெழுத்து, என் சீல்.

மாரிக்கனிக்கு போன் போட்டேன். "அந்தச் சீட்ட அவ அன்னைக்கே போர்மேன்ட்ட குடுத்துட்டா டாக்டரம்மா. நான் நிக்க அந்த மருந்து ரூம்ல கூலி கூடல்ல, அவளுக்கு ஆசை. அவரு, டாக்டரே எழுதிட்டாக, இன்னும் என்னங்காரு. திங்கக்கெழமை வரச் சொல்லிருக்காரு."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. குரலில் கோபமே இல்லை.

இவர் பிறந்தநாள். மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

உண்மையை எழுதினால்: பிறவிக் குறை, கை வேர்க்காது, உடலுக்குத் தீங்கில்லை. போர்மேன் ஃபிரேம் போட்டு மாட்டுவார்.

பொய்யை எழுதினால்: வெடிமருந்துத் தூசி ஒவ்வாமை, மூச்சடைத்து உயிருக்கே ஆபத்து, அந்த ரூம் பக்கமே விடக்கூடாது. கவிதா பிழைப்பாள். என் கட்டுரை செத்தது. இதே கேஸ்தாளை வைத்துக்கொண்டு நான் வேறு கதை எழுத முடியாது. எழுதி அச்சில் வந்தாலும், இந்தக் கை எந்தக் குடும்பத்துக் கை என்று ஊருக்கே ஆள் காட்டியது நானாவேன்.

பத்து மணிக்கு ஹெச்.ஓ.டி. போன். "வம்சாவளி ஆச்சா?"

"ரேகை இருக்கு சார், லேசா. நான்தான் சரியாப் பாக்கலை."

அந்தப் பக்கம் பெருமூச்சு. முட்டாள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். வம்சாவளியைக் கிழித்துப் போட்டேன். இப்படி ஒரு கேஸ் எனக்கு இந்த ஜென்மத்தில் இனி வராது. பாத்ரூமில் போய் அழுதேன், மறைப்பானேன்.

இரண்டு சான்றிதழ் எழுதினேன், இரண்டும் பொய், இரண்டிலும் சீல்.

மாலை ஆறுக்கு மாரிக்கனி நேரே வேலையிலிருந்து வந்தாள். காது மடலில் இன்னும் வெள்ளிப் பவுடர். கவிதாவின் தாளை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரு மாசத்துக்கு எங்கூடப் பேசமாட்டா. பேசாட்டிப் போறா. இருப்பால்ல."

அடுத்த தாளை நீட்டினேன். "இது உங்களுக்கு. நீங்களும் திங்கள்லேர்ந்து அங்க போகாதீங்க."

வாங்கினாள். மேசை மேலேயே வைத்துவிட்டாள்.

"நானும் நின்னுட்டா அந்த ரூமுக்கு வேற ஒருத்தி வருவா டாக்டரம்மா. அவளுக்குக் கை வேர்க்கும்."